இரட்டை நாற்காலி

இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்துத் துடைத்தாயிற்று, இலை முனையில் உப்பும் இஞ்சிக்கறியும் வந்துவிட்டன. இனி எழுந்திருக்க முடியாது. பந்தியில் இருந்துவிட்டுப் பாதியில் எழும்பிப் போனால் பெண் வீட்டாருக்குக் குறை. நாகர்கோவில்காரர்கள் வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் பந்தியில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆகவே பகவதி இருந்தாள். மே மாத உச்சிவேளையில் மண்டபமே கையில் கிடைத்ததை எடுத்து விசிறிக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை குளிர்ந்தது. பதினாலு மாதமாக இந்தக் குளிர்தான். உடம்பிலிருந்து போன ஐம்பத்தெட்டு கிலோவும் போகிற போக்கில் அவள் போர்வையையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. அவளுக்கு இடது பக்கம் அந்த நாற்காலி, அதற்கு அப்பால் அம்மா, அம்மாவுக்கு அப்பால் தம்பி தாணு. அந்த நாற்காலி ஒன்றல்ல, ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அதனால் வரிசையில் அது மட்டும் நாலு விரல் உயரமாக நின்றது. அம்மா அடம்பிடித்து, தாணு பல்லைக் கடித்துக்கொண்டு கொண்டுவந்து போட்டது. "ஒண்ணு போட்டா ஒடிஞ்சிரும்லே. பகவதி வந்தா எதுல இருப்பா? அண்ணைக்குக் கொட்டாரத்துக் கல்யாணத்துல ஒடிஞ்சு விழுந்து எல்லாவனும் சிரிச்சது மறந்து போச்சா?" என்றாள் அம்மா ஆவுடையம்மாள். மறக்கவில்லை. பகவதிக்கு அது மறக்கக்கூடியதா? நூற்றி இருபத்தொரு கிலோவோடு நாலு காலும் நாலு திசையில் விரிந்துபோக, கையில் அவியலோடு தரையில் கிடந்து மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தது, தூக்கிவிட வந்தவர்கள் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றது, அன்றைக்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் யாராவது ஒருவர் சத்தமில்லாமல் அவளுக்கு இரண்டு நாற்காலி சேர்த்துப் போட்டது. பெரும்பாலும் அம்மாதான். யாருக்கும் தெரியாமல், பேச்சோடு பேச்சாக. இப்போது அதே நாற்காலியைப் போட்டு வைத்துவிட்டு, அதற்கு உரியவள் வருவாள் என்று அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கும் அம்மாவுக்கும் குறுக்கே பகவதியின் முகம் இருந்தது. அம்மா அதைச் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

தப்பு அவளுடையதுதான், அதை அவள் வேறு யார் தலையிலும் போட முடியாது. உடம்பு குறைக்க ஆப்பரேஷன் என்று சொன்னால் அம்மா பயந்து பிராணனை விட்டுவிடுவாள் என்று, "ஆபீசுல ட்ரெயினிங்குமா, மதுரையில பத்து நாளு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பத்திரப்பதிவு ஆபீசில் இருபது வருஷம் வேலை பார்த்தவளுக்கு ட்ரெயினிங் என்ற சொல் சட்டென்று வாயில் வந்தது. அம்மாவும் நம்பி, முறுக்கும் முந்திரிக்கொத்தும் டப்பாவில் அடைத்து, "நல்லா சாப்பிடுட்டி, மெலிஞ்சு வராதே" என்று வாசலில் நின்றாள். அப்போதே அம்மாவுக்கு மறதி தொடங்கியிருந்தது, சாவியை அரிசிப் பானையில் போடுகிற அளவுக்கு. அதற்குப் பிறகு இரண்டும் ஒரே வேகத்தில் நடந்தன. இங்கே உடம்பு மாதம் நாலு கிலோ கரைந்தது, அங்கே அம்மாவுக்கு ஆளும் பேரும் கரைந்தது. நடுவில் ஒருநாள், எந்த நாள் என்று பகவதி எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டாள், அம்மா அவளைத் தவறவிட்டுவிட்டாள். ஒரு வியாழக்கிழமை ஆபீசிலிருந்து வந்து கதவைத் தட்டினபோது, உள்தாழ் போட்டிருந்தது. அம்மா ஜன்னல் வழியாக மேலும் கீழும் பார்த்து, அயலாரிடம் பேசுகிற மரியாதையோடு, "பகவதி இல்லியே. மதுரைக்குப் போயிருக்கா. நீங்க யாரு?" என்றாள். பகவதி தன் வீட்டு வாசலில் அரை மணி நேரம் தட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து சாட்சி சொன்னபிறகுதான் தாழ் விலகியது. பதிவு ஆபீசில் கிரயம் எழுத வருகிறவர்களுக்குப் பின்னால் நிற்கும் சாட்சிகளிடம் அவள் தினமும் கேட்கிற கேள்விதான், இவரை உங்களுக்கு நேரில் தெரியுமா, எத்தனை வருஷமாகத் தெரியும். கேட்டுக் கேட்டு வாய் பழகின கேள்வி. ஒருநாள் அந்த ஆபீசிலேயே விரல்ரேகைக் கருவி அவள் கட்டைவிரலை மூன்று முறை தள்ளிவிட்டது. விரல் வறண்டிருந்தால் அப்படித்தான், க்ரீம் தேய்த்துவிட்டு வையுங்கள் மேடம் என்று கம்ப்யூட்டர்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள், ஆனால் அன்று முழுக்க அந்தக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மூடியே வைத்திருந்தாள்.

விளம்புகிறவர் தட்டோடு வந்துகொண்டிருந்தார். துவட்டல், பச்சடி, கிச்சடி, அவியல், எரிசேரி. பெரிய மீசை, வேட்டியை மடித்துக் கட்டி, ஆளைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டே போகிற பழுத்த கை. அந்த வெற்று நாற்காலிக்கு முன்னால் இருந்த இலையிலும் வைத்தார். தாணு, "அண்ணே, அங்க ஆளு இல்ல" என்று கையைக் காட்ட, அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "ஆளு உண்டு. வந்துக்கிட்டு இருக்கா. நெறைய வைங்க. அவ நல்லாச் சாப்பிடுவா." விளம்புகிறவருக்கு இதெல்லாம் புதிதா, நெறைய வைத்துவிட்டுப் போனார். பகவதியின் இலையில் வைக்க வந்தபோது அவள் வழக்கம்போல உள்ளங்கையைக் குறுக்கே நீட்டி, "தொட்டு வைங்கண்ணே போதும்" என்றாள். தொட்டு வைத்த அவியலும் தொட்டு வைத்த எரிசேரியும் இலையின் பச்சையில் அங்கங்கே தெறித்துக் கிடந்தன. பக்கத்து இலை நிறைந்து கிடந்தது. அங்கே வைத்த அவியலில் தேங்காய் எண்ணெய் மினுங்கியது. அதைப் பார்த்தாள், ஆசை வரவில்லை. ஆசை வராததுதான் திகிலாக இருந்தது. ஆறு வயசிலிருந்து அவளோடு கூடவே திரிந்த பசி அது, பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பீரியடிலேயே வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும், கணக்குப் பரீட்சையில், கோவிலில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், அப்பா செத்துக் கிடந்த நாளில்கூட, வெட்கம்கெட்ட பசி. இரைப்பையில் ஐந்தில் நாலு பங்கை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு குழாய்போலத் தைத்துவிடுவோம் என்று டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார், பசி ஊறுகிற இடமே மேல்பாகத்தில்தான், அதையும் சேர்த்து எடுத்துவிடுவோம், பிறகு தொந்தரவு இருக்காது. சொன்னது சொன்னபடி நடந்தது. சர்க்கரை இறங்கியது, முட்டுவலி போனது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது போனது. இன்னொரு தடவை கேட்டாலும் சரி என்றுதான் கையெழுத்துப் போடுவாள், அதில் சந்தேகம் இல்லை. எடுத்ததை ஒரு தட்டில் வைத்து தாணுவிடம் காட்டினார்களாம், வாழைப்பூ பருமனுக்கு இருந்தது என்றான். எங்கே கொண்டு போனார்கள் என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. எடுத்துப் போட்டது வெறும் சதை என்றால் பரவாயில்லை. பசி உள்ளே இருந்ததே, உயிரோடு, நாற்பது வருஷப் பசி, அதைக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்து வெளியே விட்டால் அது எங்கே போகும்? தெரிந்த வீட்டுக்குத்தானே போகும். அப்போது பக்கத்தில் கீச் என்று சத்தம் கேட்டது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் பாரம் தாங்கி ஒன்றோடு ஒன்று உரசும் சத்தம். அந்தச் சத்தத்தை அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? திரும்பிப் பார்த்தாள். அம்மா அதன் கைப்பிடியில் கையை ஊன்றியிருந்தாள், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். பருப்பும் நெய்யும் வந்தன. பிசைந்து ஒரு வாய் வைத்து, சொல்லிக்கொடுத்தபடி இருபத்தைந்து முறை மென்றாள். மெல்லும்போது எண்ணுவது, எண்ணும்போது அந்த மதுரை அறை வந்துவிடுவது, அதுவும் வழக்கம்தான். வெளிச்சமான அறை, மூக்கில் மூடி, எண்ணுங்க என்றார்கள், ஏழு வரை எண்ணினாள். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு யாரோ, "பகவதி" என்று கூப்பிட்டார்கள். ஒருமுறை. அவள் "ம்" என்றாள். அங்கேதான் தப்பு நடந்தது. சின்ன வயசிலிருந்து அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தது, உச்சியிலயும் அந்தியிலயும் ஆரு பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் ஒடனே ஏன்னு கேக்கப்பிடாது, மூணு மட்டம் கூப்பிட்ட பொறவுதான் கேக்கணும், மனுசரு மூணு மட்டம் கூப்பிடுவா, மத்தது ரெண்டு மட்டத்துக்கு மேல கூப்பிடாது. ஆபீசில்கூட அவளை மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்புவாள், காது மந்தம் என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அன்றைக்கு மயக்கத்தில் முதல் கூப்பாட்டுக்கே 'ம்' கொட்டிவிட்டாள். பிறகு பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொன்னாள், நீங்க கூப்பிட்டது கேட்டதும்மா, ஒடனே முழிச்சிட்டேன் என்று. நர்ஸ் குளூக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டே, "நான் கூப்பிடவே இல்லையேக்கா. நீங்களாத்தான் முழிச்சீங்க" என்றாள். அதை யாரிடமும் பகவதி சொல்லவில்லை. தாணுவிடம் சொன்னால் சிரிப்பான். மயக்க மருந்து அப்படித்தான் பண்ணும் என்பான், அதுவே உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் 'ம்' என்றது யார், எழும்பி வந்தது யார், எழும்பாமல் அங்கேயே படுத்திருப்பது யார் என்ற நினைப்பு சோற்றில் கல்லாக அகப்பட்டுக்கொண்டே இருந்தது. இருபத்தைந்து. விழுங்கினாள். இரண்டாவது வாய். சாம்பார் வாளி போயிற்று. மூன்றாவது வாய்க்கு விக்கல் எட்டிப் பார்த்தது, அதுதான் நிறைந்துவிட்டதற்கு அடையாளம், இனி ஒரு பருக்கை இறங்காது. எதிர்வரிசையில் இருந்த மாமி ஒருத்தி உற்றுப் பார்த்து, "பகவதியா? என்னட்டி கோலம் இது? எதாம் சீக்கா?" என்றாள். "இல்ல மாமி, சும்மா கொறைச்சேன்." "மொகத்துல ஒரு ஐஸ்வரியம் இருந்துது, அது போச்சு" என்று சொல்லிவிட்டு மாமி அப்பளத்தைக் கடித்தாள். குண்டாக இருந்தபோது இதே மாமிதான் அரிசி மூட்டை என்றவள். பகவதி என்ற பெயர் காதில் விழுந்ததும் அம்மா நிமிர்ந்தாள்.

"பகவதிய பாத்தியா?" என்று மாமியைக் கேட்டாள். மாமி குழம்பிப்போய் பகவதியைக் காட்ட, அம்மா அந்தப் பக்கம் திரும்பாமல், "நேத்து மத்தியானம் வந்தா. ஜன்னல்ல நிண்ணா. பசிக்குதும்மா, யாரும் ஒண்ணும் தர மாட்டேங்கா, அப்படீன்னு ஒரே அழுகை. நான் கஞ்சிவெள்ளம் குடுத்தேன். டம்ளரை நக்கி நக்கிக் குடிச்சா, பாவம்" என்றாள். தாணு, "பேசாம சாப்பிடும்மா" என்றான். அவன் குரலில் களைப்பு இருந்தது. பகவதி இலையைப் பார்த்துக்கொண்டாள். நேற்று மாலை ஜன்னல் திண்டில் ஒரு டம்ளர் இருந்தது, அவள்தான் எடுத்துக் கழுவினாள். அடியில் ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்கவில்லை. காக்கை குடித்திருக்கும். அம்மாவே குடித்திருப்பாள். அப்படித்தான் இருக்கும், வேறு எப்படி இருக்கும்? "அந்த மெலிஞ்சவதான் அவளை உள்ள விட மாட்டேங்கா" என்று அம்மா குரலைத் தாழ்த்தி மாமியிடம் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. எம் மக சீலைய உடுத்திக்கிடுதா. எம் மக கட்டில்ல கெடக்கா. அவ கையால எனக்கு ஒண்ணும் வேண்டாம்." மூன்று வாரமாக அப்படித்தான். அவள் பிசைந்து ஊட்டினால் துப்புகிறாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து கொடுத்தால்தான் தின்கிறாள். அதற்குத்தான் தாணு சென்னையிலிருந்து வந்திருக்கிறான். நாளை சாயங்கால ரயிலில் அம்மாவைக் கூட்டிப்போகிறான். "உனக்கும் கஷ்டம், அவளுக்கும் பயம். எதுக்குக்கா?" என்றான். நியாயம்தான். அம்மா போய்விட்டால் வீட்டில் அவள் மட்டும் இருப்பாள், அம்மா இல்லாத வீடு, ஜன்னல், டம்ளர். நாற்பத்தெட்டு வருஷமாக அவளைத் தெரிந்த ஒரே சாட்சி, தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அழுதால் விக்கல் கூடும் என்று பகவதி அழாமல் இருந்தாள்.

அப்போது பிரதமன் வந்தது. அடைப் பிரதமன், வெல்லமும் தேங்காய்ப்பாலும் சுக்கும் ஏலமும் மண்டபம் முழுக்க மணக்க, வாளியும் கரண்டியுமாக அதே மீசைக்காரர். மற்ற ஊர்களில் பாயசத்தைக் கிண்ணத்தில் கொடுப்பார்களாம், இங்கே இலையில்தான். அப்பளத்தை நொறுக்கி, மட்டிப்பழத்தை உரித்துப் போட்டு, சுடச்சுட பிரதமனை ஊற்றிப் பிசைந்து, ஓடுகிறதைக் கையால் அணை கட்டி வழித்துச் சாப்பிட வேண்டும். பகவதி அதில் பேர்போனவள். கல்யாணங்களில் விளம்புகிறவர்கள் அவள் இலைக்கு முன்னால் நின்றுவிடுவார்கள், நாலு கரண்டி, ஐந்து கரண்டி, உள்ளங்கை நிறைய அள்ளி 'சர்' என்று உறிஞ்சுவாள், வழிந்ததை மணிக்கட்டிலிருந்து விரல்வரை ஒரே இழுப்பில் நக்குவாள். அம்மா பக்கத்தில் இருந்து, "மொழங்கை வரைக்கும் வாருது பாரு, மானம் போகுதுட்டி" என்று திட்டிக்கொண்டே தன் இலையிலிருந்த பழத்தையும் அவள் பக்கம் தள்ளுவாள். இப்போது அது விஷம். இனிப்பு அந்தக் குழாயில் தங்காமல் நேரே குடலில் போய் விழும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். கேட்காமல் தீபாவளிக்கு ஒரே ஒரு முந்திரிக்கொத்து தின்றாள், கால் மணி நேரத்தில் உடம்பு முழுக்க வேர்த்து, நெஞ்சு படபடத்து, கண் இருட்டி, குளியலறைத் தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தாள். தாணு அம்மாவின் இலையில் அப்பளத்தை நொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். இரட்டை நாற்காலிக்கு முன்னால் இருந்த இலையில் இரண்டு கரண்டி விழுந்தது. ஆள் இல்லாததால் அணைகட்டக் கை இல்லை. பிரதமன் மெதுவாக எரிசேரியைச் சுற்றி, உப்பேரி வறுவலை நனைத்து, இலையின் நடு நரம்பில் இறங்கி, ஓரத்துக்கு வந்தது. அம்மா பதறினாள். "ஓடுது பாருலே, ஓடுது. எங்க போனா இவ? எம்பிள்ள இன்னும் வரல்லியே. பசியோட எங்க நிக்காளோ." அந்தக் குரலைக் கேட்டதும் பகவதிக்குப் பொறுக்கவில்லை. பிறகு நடந்தது எதுவும் யோசித்துச் செய்ததாக இல்லை. கை இலையோரத்தில் சொட்டப்போன பிரதமனைப் பிடித்தது, உடம்பு எழும்பி நகர்ந்து அந்த இரட்டை நாற்காலியில் இருந்தது.

கீச் என்றது நாற்காலி. நாலு விரல் உயரத்திலிருந்து பந்தி பழைய பந்தியாகத் தெரிந்தது, அதே கோணம், எதிரே இருப்பவர்களின் உச்சந்தலைகள், பக்கத்தில் அம்மாவின் நரைத்த கொண்டை கீழே. அவளைப்போல் இரண்டு மடங்கு ஆளுக்குப் போட்ட இருக்கை அது, உள்ளே விழுந்துவிடுவோம் என்று பயந்தாள். விழவில்லை. யாரோ மடியில் வைத்துப் பிடித்துக்கொண்ட மாதிரி பொருந்தியது, அதற்கும் பயந்தாள். அப்பளத்தைக் குத்தி நொறுக்கினாள். பழத்தை உரித்து, உள்ளங்கையின் அடியால் ஒரே அழுத்தாக அழுத்தினாள். பிசைந்தாள், அள்ளினாள், 'சர்' என்று உறிஞ்சினாள். தொண்டை தாண்டி அது சூடாக இறங்குவதும், தையல்போட்ட குழாயைத் தாண்டி வழுக்கிப் போவதும் தெரிந்தது. இரண்டாவது வாய். மணிக்கட்டில் வழிந்தது. நக்கினாள். அம்மாவின் கை இலையில் நின்றது. அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள், வழிந்த பிரதமனைப் பார்த்தாள்.

"பகவதி."

வாய்வரை வந்த பதிலைப் பகவதி பிடித்து நிறுத்தினாள். உச்சிவேளை. அம்மா சொல்லிக்கொடுத்ததாயிற்றே.

"பகவதி."

இரண்டு. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வாளிச் சத்தம் கேட்டது, நாதஸ்வரக்காரர் சுருதி பார்ப்பது கேட்டது, யாரோ ரசம் கேட்டார்கள். மூன்றாவது வராமலே போய்விடும் என்று நினைத்தாள். கூப்பிட்டது அம்மாதானா என்றுகூட நினைத்தாள். நெற்றியில் முதல் வேர்வை பூத்தது. பதினாலு மாதத்தில் முதல்முறையாகக் குளிரவில்லை.

"ஏட்டி பகவதி, செவிடா ஒனக்கு? மொழங்கை வரைக்கும் வாருது, மானம் போகுதுட்டி."

"ஏம்மா" என்றாள்.

"எப்பட்டி வந்த?"

"இப்பத்தாம்மா. மதுரையிலிருந்து."

"மெலியல்லியே?" அம்மா அவள் மேல்கையில் தொங்கிய சதையைப் பிடித்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். "மெலியல்ல. அப்பிடியே இருக்கே." அம்மா கண் நிறையச் சிரித்தாள். இந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அம்மா பழத்தை இவள் இலைக்குத் தள்ளினாள். "இவன் என்னைய மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறேங்கான். நீதான் வந்துட்டியே, நான் எதுக்குப் போறேன்?" பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, பகவதியைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "இங்கன ஒருத்தி இருந்தாளே, மெலிஞ்சவ. எங்க அவ?"

பகவதி திரும்பிப் பார்த்தாள். அங்கே மூன்று வாய் சோறு தின்ற இலை கிடந்தது. மீசைக்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். "இதுல இருந்தவங்க எழும்பிப் போயாச்சா?" என்று கேட்டார். அவர் அந்த இலையைச் சுருட்டி எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, மேஜையை ஒரு துடைப்புத் துடைத்தார். இடத்துக்காகக் காத்து நின்ற ஒரு பெரியவர் அதில் வந்து இருந்தார்.

"போயிட்டாம்மா" என்றாள் பகவதி.

"நல்லதாப் போச்சு. உன்னைய மாதிரியே முழிப்பா, பாத்தா பயமா இருக்கும். இனி வந்து கதவைத் தட்டினா தொறக்காதே, கேட்டியா?"

"தொறக்க மாட்டேம்மா."

முதுகில் வேர்வை ஓடியது. விலா எலும்புக்குள்ளே தட்ட ஆரம்பித்தது, முதலில் மெல்ல, பிறகு வேகமாக, நிற்காமல். தாணு அம்மாவின் தலைக்கு மேலாக அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். "அக்கா, போதும். வெளுத்துப் போச்சு மொகம். எழும்பு. நாளைக்கும் இதையே தின்னாத்தான் அம்மைக்கு ஒன்னைத் தெரியும்னா என்ன செய்யப் போற? எழும்புக்கா." அம்மா இரண்டு கையாலும் பகவதியின் பிசுபிசுத்த கையைப் பிடித்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தட்டுவது காதுவரை கேட்டது.

பகவதி நிமிர்ந்து மீசைக்காரரைப் பார்த்தாள்.

"அண்ணே, இன்னும் ஒரு கரண்டி விடுங்க."